ஒன்பதாவது கட்டம்

மாவட்ட மன்றம் அனுப்பிய பாரத்தில்
ஒன்பதாவது கட்டம்:
ஊரின் பெயர்க் காரணம்.
விட்டிருக்கும் இடம் ஒரே வரி.
எண்பது எழுத்துக்கு மேல்
கணினி வாங்காது.

பழைய கோப்பைத் தூசி தட்டினேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது.
பிரெஸ்காட் துரை காட்டை வாங்கியபோது
ஆற்றுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது:
சுங்கை கெரோ, கலங்கல் ஆறு.
துரை அதை வரைபடத்தில்
பென்சிலால் அடித்துவிட்டு
மையால் எழுதினார்: வெதர்லி.
அவர் பிறந்த ஊராம்.
நாற்பது வீடு, ஒரு தேவாலயம்,
மழை என்றால் அங்கே தூறல்தான்.
இங்கே பெய்ததில்
அவர் நட்ட பலகை
முதல் மாதமே சாய்ந்தது.

பெரட்டுக் களத்தில்
இருட்டோடு நாலரை மணிக்கு
வெதர்லி என்று யார் சொல்வது?
நாகப்பட்டினத்தில் கப்பலேறி
குடல் புரள வந்திறங்கிய வாய்களில்
அந்த 'ர்' நிற்கவில்லை.
வெதல்லி ஆனது. வேதல்லி ஆனது.
கிராணி தம்பிமுத்து இலக்கணக்காரர்,
பிழை பொறுக்கமாட்டார்.
செக்ரோலில் திருத்தி எழுதினார்:
வேதவல்லி தோட்டம்.

பன்னிரண்டாம் நம்பர் மலையில்
கன்றுக்குக் குழி வெட்டும்போது
ஒரு கல் தட்டுப்பட்டது.
கடப்பாரை பட்ட இடம் சிவந்திருந்ததாம்.
செம்மண்தான். ஆனாலும்.
எந்த அம்மன் என்று ஒருவன் கேட்க
சூடம் கொளுத்தியவன் யோசிக்கவே இல்லை,
தோட்டத்துப் பெயர்தான் கையில் இருக்கிறதே.
பெருமாள் கோயில் தாயாருக்கு வைக்கிற பெயர்.
இங்கே அவள்
ஆடிக்கு ஆடி கிடா கேட்டாள்.

பஸ்காரர்களுக்கு இது எட்டாங்கட்டை.
லிம் மளிகைக் கடை ரசீதில் பத்து லாப்பான்.
பால்மரம் போய்ச் செம்பனை வந்து
செம்பனையும் இப்போது போகப்போகிறது.
வீடு கட்ட வரும் கம்பெனி
தாமான் என்று தொடங்கி ஏதோ வைக்குமாம்.
துரையும் வேண்டாம், அம்மனும் வேண்டாம்,
எதற்கும் பழைய காரணத்தைப்
பதிந்து வையுங்கள் என்கிறது மேலிடம்.

அந்த வெதர்லிக்கே எழுதிக் கேட்டேன்.
மூன்று மாதம் கழித்துப் பதில்.
ஊர்ச்சபைச் செயலாளர் ஒரு மூதாட்டி,
கோணல் எழுத்து.
வெதர் என்றால் காயடித்த செம்மறிக் கிடா,
லி என்றால் காட்டைத் திருத்திய வெளி,
அல்லது விதர் என்று எவனோ ஒருவனுடைய வெளி,
உறுதியாகச் சொல்வதற்கில்லை.
இப்போது பதினொரு வீடுதான்,
மற்றதெல்லாம்
நீர்த்தேக்கத்துக்கு அடியில்.
பின்குறிப்பு: உங்கள் ஊரில் ஆடு உண்டா?

சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
பக்கத்து மேசை ஹபீசா நிமிர்ந்து பார்த்தாள்.
காயடித்த கிடா
எங்கள் அம்மனுக்கு ஆகாது.
பூசாரி காசிலிங்கம்
கொட்டையைத் தடவிப் பார்த்துத்தான்
மாலையே போடுவார்.

காட்டைத் திருத்திய வெளி,
அது ஒன்றுதான் ஒத்துப்போகிறது.
திருத்தியவர்கள்
கறையான் விட்டுவைத்த பக்கங்களில் இருக்கிறார்கள்:
சடையன், வீராயி, இன்னொரு வீராயி,
பேச்சி (காய்ச்சல், அரைநாள்),
பெயர் தெரியாதவன், புதுசு.

அடித்தேன். அழித்தேன். அடித்தேன்.
கலங்கல் ஆறு என்றால் துரை விடுபடுகிறார்,
துரை என்றால் கிராணி,
கிராணி என்றால் அந்தக் கல்.
கடைசியில் ஒரே சொல் போட்டேன்:
உறுதியில்லை.
கணினி வாங்கிக்கொண்டது.

பத்தாவது கட்டம்,
தகவல் தந்தவர் பெயர்.
அதை அதுவாகவே நிரப்பியது:
வேதவல்லி, சன்னாசியின் மகள்.

ஹபீசா எட்டிப் பார்த்துக் கேட்டாள்,
இத்தனை வருடத்தில் முதல் தடவையாக,
வேதா, உன் பெயருக்கு என்ன அர்த்தம்?
பஸ் போய்விடும் என்றேன்.